போ டையும் வெயிட்டர் தோற்றமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பரின் திருமண வரவேற்புக்குக் கருநீல சூட்டோடு போ டை (கழுத்தில் பட்டாம்பூச்சி வடிவில் கட்டும் டை) அணிய ஆசை. கட்டிப் பார்த்தால் குறுக்கே நிற்காமல் நெட்டுக்குத்தாகத் திரும்பிக்கொள்கிறது. கட்டித் தைத்த ரெடிமேட் டை போட்டால் ஹோட்டல் வெயிட்டர் மாதிரி ஆகிவிடுமோ என்று தயக்கம்.

கே.

அன்புள்ள கே.,

முதலில் முடிச்சு. ஷூ லேஸ் முடிச்சும் இதுவும் ஒன்றுதான். இரண்டு பாதிகளும் எதிரெதிர்த் திசையில் விழுந்தால் படுக்கையாக நிற்கும். ஒரே திசையில் விழுந்தால் திரும்பிவிடும். உங்கள் லேஸும் திரும்பிக்கொள்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதே கைப்பழக்கமாகத்தான் இருக்கும்.

உங்கள் இடப்பக்க நுனி 3 அல்லது 4 செ.மீ. நீளமாகத் தொங்கட்டும். அதை வலப்பக்கமாகக் குட்டை நுனியின் மேல் போட்டு, அடிவழியாக மேலே எடுத்துத் தோளில் போடுங்கள். இப்போது குட்டை நுனி இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். மடிப்பு இடப்பக்கமும் வெட்டுநுனி வலப்பக்கமும் வருமாறு அதை மடியுங்கள். நீள நுனியை அதன் நடுவில் முன்பக்கமாக இறக்கி, அதையும் மடித்து, முன் மடலுக்குப் பின்னால் உள்ள சந்தில் இடமிருந்து வலமாகத் தள்ளுங்கள். எதிர்த்திசையில் நுழைத்தால்தான் கோளாறு. சரியாக வந்தால் ஒரு பக்கம் மடிப்பு முன்னால் இருக்கும், மறுபக்கம் பின்னால். இறுக்குவதற்கு மடிப்புகளை இழுக்கவேண்டும். வெட்டுநுனிகளை இழுத்தால் அவிழும். கழுத்தில் கை பழகும்வரை முழங்காலுக்குச் சற்று மேலே தொடையில் கட்டிப் பழகலாம்.

வெயிட்டர் தோற்றத்துக்கு வருவோம். அதற்குக் காரணம் போ டை இல்லை, கூட்டணி: பளபளக்கும் கறுப்பு பாலியஸ்டர், இரு பக்கமும் அச்சில் வார்த்த சமச்சீர், வெள்ளைச் சட்டை, கோட் இல்லாத கறுப்பு வெஸ்ட் (கையில்லாத உள்கோட்டு). இதில் இரண்டைக் கலைத்தாலே போதும். மங்கலான பட்டு, கம்பளி அல்லது பின்னல் துணியில், சிறு புள்ளி போட்ட அடர்நிறம் எடுங்கள். பிரிட்டிஷ் பிரதமராக இருந்த சர்ச்சிலின் அடையாளமாகவே ஆகிவிட்ட டை, கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்டதுதான். கையால் கட்டியது கொஞ்சம் கோணலாக இருக்கும். இருக்கட்டும், அதை நேராக்க முயலாதீர்கள். ரெடிமேடில் கிடைக்காதது அந்தக் கோணல்தான்.

பலர் கவனிக்காத ஒன்று: நீள டை சட்டையின் பொத்தான் வரிசையை மறைக்கும், போ டை மறைக்காது. மார்பு முழுக்கச் சட்டைதான் தெரியும். எனவே இஸ்திரி கச்சிதமாக இருக்கவேண்டும், கோட்டைக் கழற்றக்கூடாது. வெஸ்ட் போட்டால் இன்னும் நல்லது.

அகலம், கண்களின் வெளி ஓரங்களுக்கு உள்ளே அடங்காமலும் முகத்தைத் தாண்டாமலும் இருக்கட்டும். கழுத்துப் பட்டையின் கொக்கியைச் சட்டைக் காலர் அளவில் மாட்டுங்கள். அதைவிட நீட்டினால் மடல்கள் பெருத்துத் தொங்கும். துணிச்சலான பொருள் இது ஒன்றே போதும். அதே துணியில் சேர்த்து விற்கும் கைக்குட்டையை டிராயரிலேயே விட்டுவிடுங்கள், சாதாரண வெள்ளைப் பருத்தி போதும்.

அழைப்பிதழில் ‘பிளாக் டை’ என்ற மாலை விருந்து உடைவிதி இருந்தால் கதை வேறு. அங்கே புள்ளிக்கு இடமில்லை: டின்னர் ஜாக்கெட், கறுப்பு போ டை. லாபெல் (கோட்டின் முன்பக்க மடிப்பு) சாட்டின் என்றால் டையும் சாட்டின், லாபெலில் வரியோடும் குரோகிரேன் துணி என்றால் டையும் அதுவே. வெள்ளை போ டை, பின்பக்கம் வால்போல் நீண்டிருக்கும் வால் கோட்டுக்கு மட்டும்.