சதை போட்டும் கறி வெளிறுவது ஏன்?

கேள்வி: தொடை பருத்த கலப்பின ஆண் பன்றி ஒன்றை வாங்கிச் சேர்த்தேன். அதன் குட்டிகள் கொழுப்பில்லாமல் நன்றாகச் சதை போடுகின்றன. ஆனால் வெட்டியபின் சிலவற்றின் கறி வெளிறித் தண்ணீர் விடுகிறது என்கிறார் கடைக்காரர். தீவனத்தில் குறையா டாக்டர்?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: ஒரே தீவனம் தின்றவற்றில் சிலவற்றுக்கு மட்டும் இப்படி என்றால், எனக்குச் சந்தேகம் அந்த ஆண் பன்றி மேல்தான். பெல்ஜியத்தின் பியட்ரெய்ன் இனத்தில் இந்தக் குணம் பேர்போனது. பருத்த தொடை, மெல்லிய கொழுப்பு, கூடவே பதற்றம் தாங்காத உடம்பு.

காரணம் ஒரே ஒரு மரபணு எழுத்து மாறியிருப்பது. டொராண்டோ ஆய்வாளர்கள் 1991-இல் அதைக் கண்டுபிடித்தார்கள். சதைக்குள் கால்சியத்தைத் திறந்துவிடும் வாசல் அதனால் சரியாக மூடாது. பன்றி மிரண்டால் கால்சியம் கொட்டி, சதையிலுள்ள சர்க்கரை வேகமாக அமிலமாகிறது. வெட்டி முக்கால் மணி நேரத்தில் பி.எச். (அமிலத்தைக் காட்டும் அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) சாதாரணமாக 6.5 பக்கம் இருக்கும்; இவற்றில் அதற்குள்ளேயே 6-க்குக் கீழே போய்விடும். உடல் சூடு ஆறுமுன் அமிலம் ஏறுவதால் புரதம் கெட்டு, பிடித்து வைத்திருந்த நீரை விட்டுவிடுகிறது. இறைச்சிக்கூடப் பணியில் நான் முதுகுச் சதையை விரலால் அழுத்திப் பார்ப்பேன். இந்தக் கறியில் குழி அப்படியே நிற்கும்.

தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்த குட்டி, வண்டியில் ஏற்றும்போதே விறைத்துச் செத்துப்போகலாம். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. கறியின் தரம்தான் இறங்கும். முன்பு ஹாலோதேன் மயக்க வாயு கொடுத்துச் சோதிப்பார்கள். அதில் இந்த இரண்டாம் வகை சிக்காது. இப்போது முடிவேரில் செய்யும் மரபணுச் சோதனையிலேயே தெரிந்துவிடும். அந்த ஆண் பன்றிக்கு அதைச் செய்யுங்கள். முடிவு வரும்வரை இனச்சேர்க்கைக்கு விடாதீர்கள்.

சோதனையில் இல்லை என்று வந்தால், வெட்டுமுன் அடித்து விரட்டுகிறார்களா என்று பாருங்கள். நல்ல பன்றியின் கறியும் அதனால் கெடும்.

சரி, சதையும் வேண்டும், கறியும் கெடக்கூடாது என்றால்? ஐ.ஜி.எஃப்.2 என்ற மரபணுவில் 2003-இல் கண்டறிந்த மாற்றம் ஒன்று உண்டு. அது சதையைக் கூட்டிக் கொழுப்பைக் குறைக்கும். கால்சியம் வாசலைத் தொடாது. தகப்பன் வழியாக வந்தால் மட்டுமே குட்டியின் சதையில் வேலை செய்யும் என்பதால், ஆண் பன்றியைச் சரியாகத் தேர்ந்தாலே போதும். அடுத்து வாங்கும்போது விற்பவரிடம் இரண்டு சோதனை முடிவுகளையும் கேளுங்கள்.