நரம்பு டெஸ்ட் நார்மல், ஆனாலும் பாதம் எரிகிறது, அரிக்கிறது

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 52. பத்து வருடமாகச் சர்க்கரை. ராத்திரி படுத்தால் இரண்டு பாதமும் எரிகிறது, அரிக்கிறது. நரம்பு டெஸ்ட் நார்மல் என்கிறார்கள். அலர்ஜி மாத்திரைக்குத் தூக்கம்தான் வருகிறது. வெந்நீரில் கால் வைத்தால் இதமாக இருக்கிறது. வைக்கலாமா?

பதில்: வேண்டாம். வெந்நீரை இன்றோடு நிறுத்துங்கள்.

மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் அந்த டெஸ்ட் தடித்த நரம்பிழைகளைத்தான் சோதிக்கும். தொடு உணர்வும் தசை அசைவும் அவற்றின் வேலை. வலி, அரிப்பு, சூடு, குளிர்ச்சி எல்லாம் மெல்லிய இழைகள் வழியாகப் போகின்றன. அவற்றிலும் மெலிந்த 'சி' இழைகளுக்குச் செய்தியை வேகமாகக் கடத்த உதவும் மையலின் என்ற கொழுப்பு உறை கிடையாது. தடித்த இழையில் செய்தி நொடிக்கு 50 மீட்டர் ஓடும். 'சி' இழையில் ஒரு மீட்டர் போனாலே அதிகம். கட்டில் காலில் விரலை இடித்துக்கொண்டால் முதலில் சுருக்கென்று ஒரு வலி, சற்றுப் பொறுத்து எரிச்சலாக இன்னொன்று வருமே, அந்த இரண்டாவது இதன் வழியாக வருவதுதான்.

சர்க்கரை பெரும்பாலும் முதலில் கைவைப்பது இந்த மெல்லிய இழைகளில். நீளமானவை முன்னதாகப் பழுதாவதால் பாதத்தில் தொடங்குகிறது. தோலில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் பழுதான இழை தானாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். அலர்ஜி மாத்திரை, ஹிஸ்டமைன் என்ற அரிப்பு உண்டாக்கும் ரசாயனத்தைத் தடுப்பது. கொசுக்கடிக்குச் சரி, இதற்கு எடுபடாது. பூனைக்காலிச் சுணை பட்ட அரிப்பும் அப்படித்தான், ஹிஸ்டமைன் வழியாக வருவதில்லை.

சரி, வெந்நீர் ஏன் இதமாக இருக்கிறது? சூடும் வலியும் தண்டுவடத்தில் அரிப்புச் செய்தியை அமுக்கிவிடுகின்றன. சொறிந்தால் சுகமாக இருப்பதும் இதனால்தான். ஆனால் சூட்டை உணர்வதும் இதே பழுதான இழைகள். கொப்புளம் கிளம்பிய பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும். பற்றவைக்கும்போது பொறி விழுந்தாலும் அதே கதை. பட்டறையில் வெறுங்காலோடு உட்காராதீர்கள்.

டாக்டரிடம் போனால் முதலில் விரலிடுக்கில் பூஞ்சைப் படை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் அரித்தால் சிரங்காக இருக்கலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவரென்றால் வைட்டமின் பி12 அளவைப் பார்ப்பது அவசியம். அது குறைந்தாலும் இதே எரிச்சல் வரும். சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் டெஸ்டும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். கணுக்காலுக்கு மேல் 3 மி.மீ. தோல் எடுத்து இழைகளை எண்ணும் சோதனையும் உண்டு. என்னைக் கேட்டால் பலருக்கு அதுவரை போகத் தேவையிருக்காது.

பிரிகாபலின், டுலாக்செட்டின் போன்ற மருந்துகள் எரிச்சலைக் குறைக்கும். சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள். அப்புறம் ஒன்று: எரிச்சல் தானாக அடங்கிக் கால் மரத்துப்போனால் குணமாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள், இழைகள் செத்தாலும் அப்படித்தான் இருக்கும். தினமும் படுக்கும்முன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சின்னப் புண் தெரிந்தாலும் மறுநாளே டாக்டரிடம் காட்டுங்கள்.