காலேஜ் ஃபிசிக்ஸ வகுப்புக்கு வெளிய நடத்துறது: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

சென்னை லெக்சரர்: மேடம், லேப்ல பாதி சாமான் ஓடல. வெளிய கூட்டிட்டு போய் என்ன செய்யலாம்?

பதில்: நிழல். ஒரு மீட்டர் குச்சி போதும். கன்னியாகுமரி பக்கம் ஒரு காலேஜோட பேசி வெச்சுக்கிட்டு மார்ச் 21 வாக்குல ரெண்டு ஊர்லயும் நட்டமா நிறுத்துங்க, உச்சி நேரத்துல சென்னையில நிழல் சுமார் 23 செ.மீ. வரும், அங்க 14. அதுலேர்ந்து குச்சிக்கும் வெயிலுக்கும் நடுவுல இருக்க கோணத்த எடுத்தா 13 டிகிரி, 8 டிகிரி, வித்தியாசம் 5, அதாவது முழு வட்டத்துல 72-ல ஒரு பங்கு. வடக்கு தெற்கா ரெண்டுக்கும் நடுவுல சுமார் 555 கி.மீ., 72-ஆல பெருக்குனா பூமியோட சுத்தளவு 40,000 கி.மீ. கிட்ட வந்துடும். பழைய கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் எகிப்துல செஞ்ச அதே கணக்குதான். மணி 12-க்கு அளக்காதீங்க, கன்னியாகுமரியில உச்சி சென்னைய விட 11 நிமிஷம் லேட், நிழல் எப்ப ரொம்ப குட்டையோ அப்ப அளங்க. அதுக்கு முன்னாடி எந்த ஊர் நிழல் நீளம்னு ஒவ்வொருத்தரையும் எழுதி கையெழுத்து போட வைங்க. இது முக்கியம்.

மதுரைக்காரர்: கூகுள் மேப்ல 700 கி.மீ. காட்டுதே?

பதில்: அது ரோடு. ரோடு வளைஞ்சு போகும், சென்னை கிழக்கேயும் தள்ளி இருக்கு. அட்சரேகை வித்தியாசத்துக்கு உண்டான தூரம்தான் வேணும்.

மதுரைக்காரர்: நாங்க ரோடு தூரம்தான் போட்டோம், 50,000 வந்துச்சு, பசங்க ஒத்துக்கிட்டாங்க.

பதில்: அவங்க ஒத்துக்கிட்டாங்க சார், பூமி ஒத்துக்கல.

திருச்சி பொண்ணு: நாங்க ஏப்ரல் நடுவுல செஞ்சோம் மேம். ரெண்டு ஊர்லயும் ரெண்டரை டிகிரி, வித்தியாசமே இல்ல. மதுரை அண்ணா பூமி தட்டைன்னு கிண்டல் பண்றாரு.

பதில்: சபாஷ், இன்னிக்கு வந்ததுலயே நல்ல கேள்வி! அப்ப சூரியன் ரெண்டு ஊருக்கும் நடுவுல இருக்கும்மா. சென்னையில நிழல் வடக்க விழும், கன்னியாகுமரியில தெற்க. கழிக்கக் கூடாது, கூட்டணும், 5 வந்துடும். நிழல் எந்தப் பக்கம்னு நோட்ல குறிச்சீங்களா? குறிச்சிருக்க மாட்டீங்க. மதுரை சார், இத உங்க பசங்ககிட்ட காரணம் சொல்லாம கொடுங்க, ஒரு மணி நேரம் சண்டை போடட்டும், அதுதான் வகுப்பு.

மதுரைக்காரர்: சண்டை போட்டா சிலபஸ் யார் முடிப்பா?

பதில்: சிலபஸ் முடிஞ்சுடும், பசங்களுக்கு என்ன புரிஞ்சுதுன்றது வேற கணக்கு. 2014-ல 225 ஆய்வுகள ஒண்ணா சேத்து பாத்தாங்க, லெக்சர் மட்டும் கேட்ட வகுப்புல ஃபெயில் சுமார் 34 சதவீதம், பசங்கள வேலை செய்ய வெச்ச வகுப்புல 22. ஆனா ஒண்ணு, கஷ்டப்பட்டு யோசிச்ச பசங்க கம்மியா கத்துக்கிட்டதா நினைச்சுப்பாங்க, 2019-ல ஹார்வர்டுல அளந்து பாத்தது. ஃபீட்பேக் ஃபார்ம பாத்து பயந்துடாதீங்க.

புது லெக்சரர்: 80 பேர் கிளாஸ், எங்கயும் கூட்டிட்டு போக முடியாது.

பதில்: ஃபிசிக்ஸ் புரொபசர் எரிக் மஸூர் 1991-ல ஹார்வர்டுல ஆரம்பிச்சது பாருங்க. ஒரு கேள்வி, நாலு விடை, கை தூக்கி ஓட்டு, பக்கத்துல இருக்கவங்க மனச பேசி மாத்த முயற்சி பண்ணச் சொல்லுங்க, மறுபடி ஓட்டு. கலர் அட்டை போதும்.

இன்னொருத்தர்: மொபைல் ஆப் எதாவது?

பதில்: ஃபைஃபாக்ஸ், ஜெர்மனியில ஆகன் யுனிவர்சிட்டி காரங்க போட்டது, இலவசம். லிஃப்ட்ல, பஸ்ல முடுக்கம் அளக்கலாம். லிஃப்ட் ஏறுற உயரமும் வேணும்னா காத்தழுத்த சென்சார் வேணும், எல்லா போன்லயும் அது இருக்காது, முதல்ல செக் பண்ணுங்க.

வேற ஒருத்தர்: நல்ல ஆப் ஒண்ணு சொல்லுங்க மேம்.

பதில்: மேல.

சேலத்துக்காரர்: டெமோ காட்டுனா போதாதா? பசங்க கை தட்டுறாங்க.

பதில்: மேஜிக் ஷோவுக்கும்தான் கை தட்டுவாங்க. டெமோவ சும்மா பாத்தவங்களுக்கு, பாக்காதவங்கள விட பெருசா எதுவும் கூடுதலா புரியலன்னு மஸூர் குழுவே 2004-ல எழுதியிருக்காங்க. முன்னாடியே என்ன ஆகும்னு கணிச்சவங்களுக்குத்தான் பலன். முதல்ல எழுத வைங்க, எழுத வைங்க, எழுத வைங்க.

கெமிஸ்ட்ரி மாணவர்: டைட்ரேஷன் வீட்டுலயே செய்யலாமா?

பதில்: ஆசிட் சமாச்சாரம் எனக்கு வேணாம்பா, உங்க கெமிஸ்ட்ரி மேடத்த கேளு.

மற்றொருவர்: ஆப் பேர் என்ன சொன்னீங்க?

பதில்: மேல ஏறிப் பாருங்க சார். மதுரைக்காரர் மறுபடி ஏதோ டைப் பண்றார், 700 கி.மீ.ன்னு வந்தா நான் பதில் சொல்ல மாட்டேன்.