ஸ்ட்ரோபெரிக்கு இரும்புக் கல் தூள் எத்தனை மூடை?

கேள்வி: ஐயா, கந்தப்பளையில் அரை ஏக்கரில் ஸ்ட்ரோபெரி வைத்திருக்கிறேன். முன்பு உருளைக்கிழங்கும் லீக்ஸும் போட்ட காணி. இப்போது குருத்து இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. இரும்புக் குறைவு என்று உரக் கடையில் ‘சிடரைட்’ என்ற கல் தூளைக் காட்டுகிறார்கள். அதில் காபனேற்றும் இருப்பதால் மண்ணின் புளிப்பும் குறையுமாம். பயிர் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. எத்தனை மூடை போடலாம்?

பதில்: ஒரு மூடையும் வேண்டாம், தம்பி.

சிடரைட் இரும்புக் காபனேற்றுத்தான். சுத்தமான கல்லில் 48 வீதம் இரும்பு உண்டு. ஆஸ்திரியாவின் எர்ஸ்பெர்க் மலையில் அதை வெட்டி உருக்கி இரும்பு எடுக்கிறார்கள். உலைக்கு நல்ல கல். உங்கள் பாத்திக்கு உதவாது. புளிப்பு மண்ணில் அது மெல்லக் கரையும், ஆனால் அங்கே இரும்புக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் வருகிற சுண்ணாம்பேறிய மண்ணில் அது கரையவே கரையாது. புளிப்பைக் குறைக்கும் என்ற பேச்சும் பொய். காபனேற்று கொஞ்சம் புளிப்பைத் தின்னும், சரி. வெளிவந்த இரும்பு காற்றுப் பட்டுத் துருவாகும்போது அதே அளவு புளிப்பைத் திருப்பிக் கொடுத்துவிடும். இதை உரம் என்று விற்கிறவர் மண்ணைப் பற்றிப் பேசவில்லை, மூடையைப் பற்றிப் பேசுகிறார்.

நம் மலைநாட்டு மண்ணின் செம்மஞ்சள் நிறமே இரும்பால் வந்தது. மழைக்காலத்தில் வடிகானில் துருநிறப் படலம் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இரும்புதான். அப்படிப்பட்ட காணியில் இரும்பு ஏன் வேருக்கு எட்டவில்லை? நீங்கள் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான்.

கிழங்கு போட்ட ஒவ்வொரு போகமும் டொலமைட் சுண்ணாம்பும் கோழி எருவும் டீ.எஸ்.பி. என்ற பொஸ்பரஸ் உரமும் கொட்டியிருப்பீர்கள். பக்கத்துக் காணிக்காரர் போட்டார், நாமும் போட்டோம் என்பதுதான் இங்கே வழக்கம். அளக்காமல் சுண்ணாம்பு போடுவதைப் போல் மலையகக் காய்கறிக் காணிகளைக் கெடுக்கும் பழக்கம் வேறில்லை என்பேன். பிஎச் என்பது மண்ணின் புளிப்பை அளக்கும் எண், புளிப்பு குறையக் குறைய அது ஏறும். பிஎச் ஏறினால் இரும்பு வேருக்கு எட்டாமல் பூட்டிக்கொள்ளும். மிஞ்சிக் கிடக்கும் பொஸ்பரஸ் பூட்டை இன்னும் இறுக்கும். ஸ்ட்ரோபெரிக்கு பிஎச் 5.5 முதல் 6.5 வரை போதும். நான்கைந்து இடத்தில் மண் எடுத்துக் கலந்து, கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியரிடம் கொடுத்துப் பரிசோதிக்கக் கேளுங்கள். அந்தச் சிறு வேலை முடியும் வரை எந்தக் கடைக்கும் போக வேண்டாம்.

பிஎச் 7ஐத் தொட்டிருந்தால் டொலமைட், அடுப்புச் சாம்பல், கோழி எரு மூன்றையும் நிறுத்துங்கள். தழைச்சத்துக்கு அமோனியம் சல்பேற்று போடுங்கள், மெல்லப் புளிப்பேறும். அவசரத்துக்கு ஒரு லீற்றர் தண்ணீரில் 5 கிராம் இரும்பு சல்பேற்று கரைத்து, முதலில் சில செடிகளில் மட்டும் மாலையில் தெளியுங்கள். இலை கருகாவிட்டால் மற்றவற்றுக்கும் தெளிக்கலாம். மண்ணில் ஊற்ற வேண்டுமென்றால் ஈடிடிஎச்ஏ என்று அச்சிட்ட கீலேட் இரும்பு மட்டும், அதாவது மண்ணில் பூட்டிக்கொள்ளாதபடி பிடித்து வைத்த இரும்பு. மலிவான ஈடிடிஏ கீலேட் இந்த பிஎச்சில் நிற்காது.

பிஎச் 6க்குக் கீழே வந்தால் குற்றவாளி சுண்ணாம்பு இல்லை. ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். கறுத்து அழுகியிருந்தால் வடிகானை ஆழமாக்கி, பாத்தியை உயர்த்துங்கள்.