ஜனவரியில் புதுச்சேரி–கடலூர் கரையோரம் ஒரு நாள் பறவை பார்க்க எங்கே, எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள், இடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஊசுடு, பாகூர் போன்ற ஏரி என்றால் விடிந்ததும் போனால் போதும். முகத்துவாரத்தில் அப்படி இல்லை. அங்கே பறவைகளின் வேலை நேரத்தை முடிவு செய்வது கடலின் ஏற்றமும் வற்றமும்தான். வற்றத்தில் சேறு வெளியே தெரிந்ததும் உள்ளான், உப்புக்கொத்தி போன்ற சேற்றில் மேயும் பறவைகள் எட்டாத தூரத்துக்குப் பரவிவிடும். தண்ணீர் ஏற ஏற, மேயும் இடம் சுருங்கி அவை தானாகவே கரைப்பக்கம் ஒதுங்கி வரும். அதனால் உச்ச ஏற்றத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பே போய் ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். நாம் நடந்து நெருங்கினால் பறந்துபோகும் பறவை, அசையாமல் உட்கார்ந்திருப்பவரிடம் அதுவே வரும்.

புதுச்சேரி அல்லது கடலூர்த் துறைமுகத்துக்கான ஏற்ற வற்ற அட்டவணை இணையத்தில் கிடைக்கும். ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மறுநாள் அதே ஏற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். நம் கரையில் நீர்மட்ட வித்தியாசம் பெரிய நாளிலேயே ஒரு மீட்டரை ஒட்டித்தான். எனவே அமாவாசை, பௌர்ணமியை அடுத்த இரண்டு மூன்று நாட்களைத் தேர்ந்தெடுங்கள். அஷ்டமி, நவமி பக்கம் போனால் வித்தியாசம் மிகக் குறைவு. அன்றைக்கு வாடைக்காற்றும் பலமாக அடித்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கி நின்று, சேறு வெளியே வராமலே பொழுது போய்விடும். "அட்டவணைப்படி வற்றம்தானே, பறவையைக் காணோமே" என்று பலர் ஏமாறுவது இதனால்தான்.

அடுத்தது வெயில். நம் கடல் கிழக்கே. காலையில் கடலைப் பார்த்து நின்றால் எல்லாப் பறவையும் கருநிழலாகத்தான் தெரியும். ஜனவரியில் சூரியன் தென்கிழக்கில் எழுந்து நாள் முழுக்கத் தெற்குப் பக்கமாகவே நகரும். ஆகவே ஆற்றின் தென்கரையில் நின்று வடக்கே பார்க்கிற இடமே சிறந்தது. கடலூருக்கு வடக்கே பெண்ணையாறு கடலில் சேரும் தாழங்குடாவை முதலில் சொல்வதற்குக் காரணம் இதுதான். அங்கே மணல்திட்டின் வடிவம் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் மாறும். முகத்துவாரம் திறந்திருக்கிறதா, எங்கே கால் புதையும் என்று கரையில் வலை பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணன்மாரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். திறந்த வாயை நடந்து கடக்கவே கூடாது, வற்றத்தின்போது இழுப்பு அதிகம்.

புதுச்சேரிப் பக்கம் சுண்ணாம்பாறு நல்ல இடம்தான். ஆனால் ஜனவரி 1 அன்று படகுத்துறையிலும் மணல்திட்டிலும் கூட்டம் தாங்காது. காணும் பொங்கலன்று தேவனாம்பட்டினமும் அப்படியே. வடக்கே மரக்காணம் பக்கத்துக் கழுவேலி ஏரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை: வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருடத்தில் ஜனவரியிலும் ஆழமாகத் தண்ணீர் நிற்கும். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி பார்க்கலாம், சேற்றுப் பறவை குறைவு. அப்போது மரக்காணம் உப்பளங்களின் ஆழமில்லாப் பாத்திகளைப் பாருங்கள்.

அடையாளம் காண்பதில் குளிர்காலத்துச் சிக்கல், பெரும்பாலான வலசைப் பறவைகள் சாம்பலும் வெள்ளையுமாக இருப்பதுதான். நிறத்தை விட்டுவிட்டு மேயும் விதத்தைப் பாருங்கள். உப்புக்கொத்தி நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து கொத்தும், மறுபடி ஓடும். அது கண்ணால் இரை தேடும் பறவை. கொசு உள்ளான் நிற்காமல் தையல் மெஷின் ஊசி மாதிரி சேற்றைக் குத்திக்கொண்டே போகும். பவளக்காலி பறந்தால் இறக்கையின் பின்விளிம்பில் அகன்ற வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். பச்சைக்காலிக்கு அது இல்லை, அலகும் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். கடற்காகங்களில் பழுப்புத்தலை, கருந்தலை இரண்டுக்குமே இந்த மாதம் தலை வெள்ளைதான். அதனால் இறக்கை நுனியைப் பாருங்கள். அகன்ற கறுப்பும் அதற்குள் வெள்ளைப் புள்ளியும் இருந்தால் வளர்ந்த பழுப்புத்தலை. முன்விளிம்பில் நீண்ட வெள்ளை ஆப்பு இருந்தால் கருந்தலை.

பைனாகுலர் 8×42 (8 மடங்குப் பெருக்கம், 42 மி.மீ. முன்லென்ஸ்) போதும். 10× வாங்கினால் கடற்காற்றில் கை நடுக்கம் இன்னும் அதிகமாகத் தெரியும். முக்காலியில் நிறுத்திப் பார்க்கும் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் ஒன்பதரை மணிக்குள் தூரத்துக் கூட்டங்களை முடித்துவிடுங்கள். அதன்பின் மணல் சூடேறிக் கானல் எழும், 60 மடங்குப் பெருக்கமும் வீண். லென்ஸில் மணல் ஒட்டியிருந்தால் துடைக்காதீர்கள், கீறல் விழும். முதலில் ஊதுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் உப்பை எடுங்கள்.

எண்ணும்போது கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவையை எண்ணி, அது பிடிக்கும் இடத்தைக் கண்ணில் பதித்து, மொத்தக் கூட்டத்தில் அப்படி எத்தனை என்று பாருங்கள். ஒரு கூட்டத்தில் 2 வகை கலந்திருந்தால் முதலில் மொத்தத்தை எடுத்துவிட்டு, பிறகு நூற்றுக்கு எத்தனை என்று பிரித்துக்கொள்ளுங்கள். பொங்கலையொட்டி நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு பறவைப் பட்டியல்களைப் பதியும் ஈபேர்ட் (eBird) தளத்தில் 15 நிமிடப் பட்டியல் இருந்தாலே போதும். ஒவ்வொரு இடத்துக்கும் தனிப் பட்டியல் போடுங்கள். தாழங்குடாவையும் சுண்ணாம்பாறையும் ஒரே பட்டியலில் சேர்த்தால் அந்த எண்ணிக்கையால் யாருக்கும் பயனில்லை.

உச்ச ஏற்றத்தில் திட்டின்மேல் ஒற்றைக்காலில் நிற்கும் கூட்டத்தைப் படத்துக்காகக் கிளப்பிவிடாதீர்கள், தயவுசெய்து. அடுத்த வற்றம் வரை அவற்றுக்கு ஓய்வு அது ஒன்றுதான். வடக்கே பல ஆயிரம் கி.மீ. திரும்பிப் பறப்பதற்கான கொழுப்பைக் கிளம்பும் முன் இங்கேதான் சேர்க்கின்றன. தலைகள் நிமிர்ந்து, ஒன்றிரண்டு நடக்க ஆரம்பித்தாலே நீங்கள் தேவைக்கு மேல் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், அங்கேயே நில்லுங்கள்.

பறவையின் காலில் ஆய்வாளர்கள் மாட்டிய வளையமோ நிறக்கொடியோ தெரிந்தால் எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக நிற வரிசை, எழுத்து ஏதும் இருக்கிறதா என்று அப்போதே குறித்துக்கொண்டு, மும்பையில் உள்ள பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டிக்கு எழுதுங்கள். மங்கலான படமானாலும் சேர்த்து அனுப்புங்கள்.