அவன் நல்லவன்தான், ஆனால்…
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் நண்பனும் பதினெட்டு வருஷமாக ஒரே விசைப்படகில் பங்கு. என் அப்பா இறந்தபோது பதினாறு நாளும் கூடவே நின்றவன். இப்போது முஸ்லிம்களைப் பற்றிய வெறுப்பு வீடியோக்களை எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறான். "இவங்களுக்கு இங்க என்ன வேலை, ஊரைவிட்டு அனுப்பணும்" என்று கரையில் சத்தமாகப் பேசுகிறான். கேட்டால், "அரசியலை விடு மாப்ள, நம்ம பழக்கம் முக்கியம்" என்கிறான். விட்டுவிடலாமா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: எந்தக் கட்சிக்கு ஓட்டு, இழுவை மடி வலை வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் அரசியல். அதில் முட்டிக்கொண்டும் ஒரே சட்டியில் சாப்பிடலாம். இன்னார் ஊரில் இருக்கக் கூடாது என்பது அந்த வகை இல்லை. அது அடுத்தவர் வீட்டிலும் பிழைப்பிலும் கை வைக்கிற பேச்சு. நீங்கள் இருவரும் 'பழக்கம் முக்கியம்' என்று சமாதானமாகிவிடலாம். உங்களிடம் மீன் எடுக்க வரும் பாயை யாரும் கேட்கவில்லையே. அவர் தலையில் செலவெழுதி உங்கள் நட்பைக் காப்பாற்றுவதை எங்களால் சரியென்று சொல்ல முடியாது.

உடனே முறிக்கவும் வேண்டாம். ஒருமுறை ஒழுங்காகப் பேசிப் பாருங்கள். குரூப்பிலேயே பதில் போட்டால், அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதற்காகவே அவர் இன்னும் விறைத்துக்கொள்வார். குடித்திருக்கும்போது வேண்டாம். கடலிலும் வேண்டாம், அங்கே எழுந்து போக இடமில்லை. கரையில் இரண்டு பேரும் கிழிந்த வலையைப் பொத்தும் நேரம் நல்லது. கைக்கு வேலை இருக்கும், முகத்தை முகம் பார்க்க வேண்டியதில்லை. கனமான பேச்சு அப்போது கொஞ்சம் எளிதாக வரும்.

"நீ எப்பவுமே இப்படித்தான்" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே செத்துவிடும். ஒரே ஒரு வீடியோவை எடுங்கள். எந்த ஊர், எந்த வருஷம் என்று கேளுங்கள். ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால், பழையதா, வேறு நாட்டினுடையதா என்பது பல நேரம் தெரிந்துவிடும். ஆனால் அதிலேயே நிற்காதீர்கள். ஒன்றைப் பொய்யென்று காட்டினால் நாளை இன்னொன்று வரும். முக்கியமான கேள்வி வேறு: "இதை அந்த பாய் முகத்துக்கு நேரா நின்னு சொல்லுவியா?" கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவசரப்பட்டு நீங்களே பதிலை எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

அடுத்து உங்கள் எல்லையைச் சொல்லுங்கள்: "என் முன்னால பேசினா எந்திரிச்சுப் போயிருவேன்." உங்களால் முடிந்ததை மட்டும் சொல்லுங்கள், சொன்னதை முதல் தடவையே செய்யுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். டீ சொல்லியாகிவிட்டதே என்று உட்கார்ந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த எல்லைக்கு மதிப்பில்லை. மதத்தின் பேரால் பகை மூட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 196-ஆம் பிரிவின் கீழ் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்பதையும் சொல்லிவையுங்கள். மிரட்டுவதற்கு இல்லை, அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு மூன்று மாதம் பாருங்கள். மனசு மாறிவிட்டதா என்று தோண்ட வேண்டாம். பகிர்வது நின்றதா, நாலு பேர் முன்னால் பேசுவது நின்றதா என்பது போதும். நிற்கவில்லை என்றால் பங்கைப் பிரிப்பதுதான் வழி. அதற்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம் தோது. படகு எப்படியும் மராமத்துக்குக் கரையேறும், உடல், என்ஜின், வலை மூன்றையும் தனித்தனியாக மதிப்புப் போடலாம். வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் சண்டையாவது அதுதான். வரிவிலக்கு டீசல் படகின் பதிவை வைத்தே வருகிறது என்பதால் பதிவு யார் பெயருக்கு என்பதையும் எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பதினாறு நாளுக்கான நன்றி உங்களிடமே இருக்கட்டும், பங்கு பிரிந்தாலும் அதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை.

கேள்வி: ராமநாதபுரத்தில் என் கல்லூரித் தோழியின் வீட்டு மாடி காலியாக இருந்தது. கேட்டேன். "எங்க அம்மா முஸ்லிமுக்குக் கொடுக்க மாட்டாங்க. உன்னைச் சொல்லலடி, நீ வேற" என்றாள். நான்தான் எடுத்துச் சொல்லிப் புரியவைக்க வேண்டுமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: வேண்டாம் அம்மா. அடி பட்டவரே வைத்தியமும் பார்க்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 'நீ வேற' என்பது பாராட்டு மாதிரி காதில் விழும். அதற்குள் உங்கள் வீட்டார் அத்தனை பேரையும் தள்ளிவைத்திருக்கிறார்கள்.

உங்கள் கடற்கரையிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அப்துல் கலாம் ராமேஸ்வரத்தில் படித்தபோது அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் அவரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். முஸ்லிம் பையனுக்குத் தன் சமையலறையில் பரிமாற முடியாது என்றார் ஆசிரியரின் மனைவி. ஐயர் கோபப்படவில்லை. தன் கையால் பரிமாறி, பையன் பக்கத்தில் தானும் உட்கார்ந்து சாப்பிட்டார். புறப்படும்போது அடுத்த வாரமும் வரச் சொன்னார். அடுத்த முறை அந்த அம்மாவே சமையலறைக்குள் அழைத்துப்போய்ப் பரிமாறினார். கலாம் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருப்பது இது. வீட்டுக்குள் இருந்த சிக்கலை வீட்டுக்காரர்தான் சுமந்தார். சிறுவன் யாரிடமும் தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

தோழியிடம் ஒன்று மட்டும் கேட்கலாம்: "உங்க அம்மாகிட்ட நீ என்ன சொன்னே?" ஒன்றும் சொல்லவில்லை என்றால், இனி சொல்வாளா என்று பாருங்கள். அதுவரை விலகி இருந்தால் அது உங்கள் தவறல்ல. மன்னிப்பதும் மன்னிக்காததும் உங்கள் கையில். வெளியிலிருந்து யாரும் அவசரப்படுத்தக் கூடாது, நாங்கள் உட்பட.

கேள்வி: என் நண்பன் டீக்கடையில் பலர் முன்னால் பட்டியல் சாதி இளைஞர் ஒருவரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினான். அவர் புகார் கொடுத்துவிட்டார். போலீஸ் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறது. "எதுவும் காதுல விழலைன்னு சொல்லிரு" என்கிறான் நண்பன். ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிடலாம் என்கிறார்கள் பெரியவர்கள்.
– பெயர் வேண்டாம், திருவாடானை வட்டம்

பதில்: கேட்டதைச் சொல்லுங்கள். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், பொதுமக்கள் பார்வைபடும் இடத்தில் சாதியைச் சொல்லித் திட்டுவதற்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. ஆகவே கடையில் யார் இருந்தார்கள், என்ன சொல் காதில் விழுந்தது என்பதுதான் வழக்கின் உயிர். உங்கள் ஒருவர் மௌனமே அதைக் கவிழ்த்துவிடலாம்.

இன்றே ஒரு தாளில் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, நின்றவர்கள் எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். வார்த்தையை நாகரிகப்படுத்த வேண்டாம், கேட்டபடியே எழுதுங்கள். இவ்வழக்கை டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். போலீஸிடம் தரும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்திட வேண்டியதில்லை. படித்துக் காட்டச் சொல்லிச் சரிபாருங்கள். இது ஊர்க்கூட்டத்தில் முடிக்கிற வழக்கு இல்லை. அங்கே அந்த இளைஞரை உட்காரவைத்து வாபஸ் வாங்கச் சொல்வது இன்னொரு மிரட்டலாகிவிடும். உங்களை யாராவது மிரட்டினால் சட்டத்தின் 15ஏ பிரிவில் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு உண்டு. தேசிய உதவி எண் 14566.

நண்பனைக் கைவிடச் சொல்லவில்லை. முன்ஜாமீனுக்கு இந்தச் சட்டம் தடை விதிப்பதால் அவருக்கு உடனே வக்கீல் தேவை, பார்த்துக் கொடுங்கள். புகார் கொடுத்தவர் பக்கமே போகக் கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள். நண்பர் ஜெயிலுக்குப் போக நேர்ந்தால் வீட்டுக்கு அரிசி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் கவனியுங்கள். வழக்கைப் பற்றி மட்டும், நீங்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லி முடிக்கும்வரை அவரிடம் ஒரு வார்த்தை பேசாதீர்கள், போனில்கூட.