உதவித்தொகை இல்லாமல் அமெரிக்கக் கால்பந்து ஆடுவது எதற்காக?

"பணமும் கிடையாது, டிவியிலும் பெரிதாக வராது. அப்புறம் எதற்காக ஆடுகிறார்கள்?" என்று மூன்றாம் பிரிவுக் கல்லூரி மாணவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் 1973-ல் உருவான மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென உதவித்தொகை தரக்கூடாது என்பது விதி. குடும்ப வருமானம், மதிப்பெண் ஆகியவற்றைப் பார்த்துத் தரும் சலுகை உண்டு. அது ஆட்டத்தை நம்பி இல்லாததால், அணியிலிருந்து விலகினாலும் பறிபோகாது. ஆகவே ஆகஸ்ட் வெயிலில் பயிற்சிக்கு வருகிறவன் விரும்பித்தான் வருகிறான். செப்டம்பர் முதல் நவம்பர் நடுப்பகுதி வரை, பெரும்பாலும் சனிக்கிழமைகளில், சுமார் பத்து ஆட்டங்கள். தேறிய அணிகளுக்கு அதன்பிறகு நாக்-அவுட்.

இந்தப் பிரிவில் ஆடும், மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அங்கே ஜான் கலியார்டி 1953 முதல் 2012 வரை பயிற்சியாளர். அவர் விசில் ஊதமாட்டார், பயிற்சியில் ஒருவரையொருவர் மோதி வீழ்த்த விடமாட்டார். 'கோச்' என்று கூப்பிடக்கூடாது, 'ஜான்' என்றால் போதும். உடற்பயிற்சி நேரத்தில் பையன்கள் புல்லில் மல்லாந்து படுத்து, "இன்றைக்கு நாள் நன்றாக இருக்கிறது, இல்லையா?" என்று பக்கத்தில் இருப்பவனிடம் சொல்ல வேண்டும், அதுவும் பயிற்சிதான்! எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது.

இப்படி ஆடியவர்கள் சோடை போகவில்லை. தொடர்ந்து 55 ஆட்டங்கள் வென்றிருந்த மவுண்ட் யூனியன் கல்லூரி அணியை 2003 மூன்றாம் பிரிவு இறுதிப் போட்டியில் 24-6 என வீழ்த்தினார்கள். ஓய்வுபெறும்போது கலியார்டியின் கணக்கில் 489 வெற்றிகள். கோடிகள் புரளும் பெரிய பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர் எவரும் அந்த எண்ணைத் தொட்டதில்லை.